பற்றற்ற விமர்சனம் என்னும் பொய்க்கணக்கு

1

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு நாவலுக்கு விமர்சனக் கூட்டம் நடந்தது. தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். விமர்சகன் எப்படி இருக்க வேண்டும் என்று இருபது நிமிஷம் பேசினார். தாமரை இலையும் தண்ணீரும் வழக்கம்போல் வந்தன. “டிஸ்இன்ட்ரெஸ்டட் என்று ஆர்னால்ட் சொன்னான், பற்றற்ற நிலை என்று நம்மவர்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்” என்று முடித்தார். கைதட்டல்.

அவருக்குப் பிறகு நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் “நடுநிலையோடு சொல்கிறேன்” என்றுதான் ஆரம்பித்தார்கள். முதல் ஆள் நாவலாசிரியரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இரண்டாமவரின் கவிதைத் தொகுதியை இதே பதிப்பாளர் அடுத்து வெளியிடப் போகிறார். மூன்றாமவருக்கும் நாவலாசிரியருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நான்காமவர் நாவலைப் படிக்கவில்லை. அன்றைய கூட்டத்தில் பற்றற்ற நிலைக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான்.

நான் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இங்கே நான் சொல்ல வருவது, அந்தக் கூட்டத்தில் நடந்த பித்தலாட்டத்துக்கு மனிதர்களின் பலவீனத்தை மட்டும் காரணம் சொல்லித் தப்பித்துவிட முடியாது என்பதுதான். ஒரு ஆங்கிலச் சொல்லை நாம் தமிழில் புரிந்துகொண்ட விதத்திலேயே அந்தப் பித்தலாட்டத்துக்கு இடம் இருக்கிறது. இன்ட்ரெஸ்ட் என்பது அந்தச் சொல். பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் மூன்று வருஷம் அதைப் படித்தேன். பாங்க் குமாஸ்தாவாகப் பன்னிரண்டு வருஷமாக அதை வைத்துப் பிழைக்கிறேன். ஆகவே இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

2

எங்கள் மானேஜர் ஒரே மூச்சில் சொல்வார்: “கஸ்டமர்கிட்ட கொஞ்சம் இன்ட்ரெஸ்ட் எடுத்துப் பேசுங்க சார், இந்த அம்மாவுக்கு இன்ட்ரெஸ்ட் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க.” முதல் இன்ட்ரெஸ்ட் என்னிடம் இல்லாதது. இரண்டாவது அந்த அம்மாளிடம் இல்லாதது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் கிழவி நகைக்கடன் சீட்டை நீட்டி, “வட்டி குட்டி போட்டிருக்கும், பாத்துச் சொல்லுங்க தம்பி” என்கிறாள். அவளுக்குக் குழப்பமே இல்லை. வட்டி அவளுக்கு வட்டிதான். அக்கறை வேறு, ஆர்வம் வேறு, நலன் வேறு, ஈடுபாடு வேறு, சுவாரசியம் வேறு. ஆங்கிலத்தில் இத்தனையும் ஒரே சொல்.

இது ஏதோ ஆங்கிலத்தின் ஏழ்மை, நம் மொழியின் செல்வம் என்று மார்தட்டிக்கொள்வதற்கு முன் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த அர்த்தங்கள் ஒரே சத்திரத்தில் வந்து படுத்துக்கொண்ட வழிப்போக்கர்கள் அல்ல. ஒரே வயிற்றில் பிறந்தவை.

லத்தீனில் இன்டெரெஸ்ஸெ என்றால் நடுவில் இருத்தல். இரண்டுக்கு நடுவில் இருப்பது வித்தியாசம். வித்தியாசம் உண்டாக்குவது எதுவோ அது நமக்குப் பொருட்டாகிறது. ரோமானியச் சட்டத்தில் இது நஷ்டஈட்டின் அளவுகோலாயிற்று: வாக்கு காப்பாற்றப்பட்டிருந்தால் நான் இருந்திருக்கக்கூடிய நிலைக்கும், காப்பாற்றப்படாததால் இப்போது நிற்கும் நிலைக்கும் நடுவில் உள்ள தூரம். மத்தியகால ஐரோப்பாவில் கிறிஸ்துவ சபை வட்டியைப் பாவம் என்றது. 1179இல் கூடிய மூன்றாம் லாட்டரன் சங்கம், வட்டி வாங்குபவன் என்று ஊரறிந்தவனுக்கு நற்கருணை இல்லை, கிறிஸ்துவ அடக்கம் இல்லை என்று விதித்தது. கடனுக்குக் கூலி கேட்பது யூசுரா, அது பாவம். ஆனால் சொன்ன தேதியில் கடன் திரும்பாவிட்டால், அந்தத் தாமதத்தினால் கொடுத்தவனுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கேட்கலாம் என்று சட்டம் படித்தவர்கள் ஒரு கதவைத் திறந்தார்கள். அந்த நஷ்டஈட்டின் பெயர் இன்டெரெஸ்ஸெ. பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்கு நஷ்டம் என்றே பொருள். கதவு சிறியதுதான். ஆனால் தவணைத் தேதியைச் சாமர்த்தியமாகக் குறித்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு அதன் வழியாக யானையையே ஓட்டிப் போக முடியும்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் 1545ஆம் வருஷச் சட்டம் நூற்றுக்குப் பத்து வரை அனுமதித்தது. 1552இல் அது ரத்தாகி எல்லா வட்டியும் குற்றமாயிற்று. 1571இல் எலிசபெத்தின் காலத்தில் மறுபடியும் பத்து. இந்தக் குழப்பத்தின் சூடு ஆறுவதற்குள் ஷேக்ஸ்பியர் ‘வெனிஸ் வணிக’னை எழுதுகிறார். அதில் ஷைலக்கின் முதல் ஆத்திரம் ஒரு சொல்லின் மேல்தான். தான் பாடுபட்டுச் சேர்த்த லாபம் என்று அவன் நினைப்பதை அன்டோனியோ இன்ட்ரெஸ்ட் என்று அழைக்கிறான் என்பது அவன் புகார். பாவத்தை மறைக்கப் பிறந்த கௌரவமான சொல், அதற்குள் வசையாகிவிட்டது. பி.ஏ. வகுப்பில் இந்தக் காட்சிக்கு எங்களுக்குக் கிடைத்த விளக்கம் “ஷைலக் ஒரு பேராசைக்காரன்” என்ற நோட்ஸ் வாக்கியம். அந்த நோட்ஸை விற்றவருக்கு இந்தச் சொல்லில் எந்த இன்ட்ரெஸ்ட் இருந்தது என்பது விலைச்சீட்டைப் பார்த்தாலே தெரியும்.

3

நஷ்டஈடாகப் பிறந்த சொல் பதினேழாம் நூற்றாண்டில் அரசியலுக்குள் நுழைகிறது. அரசர்களின் இன்ட்ரெஸ்ட் பற்றி பிரான்ஸில் ரோஹன் பிரபு எழுதிய புத்தகம் 1638இல் வெளிவந்தது. அரசன் ஏமாறலாம், அவனுடைய மந்திரிகள் விலைபோகலாம், அவனுடைய நலன் மட்டும் ஏமாற்றாது என்ற எண்ணம் அங்கிருந்து பரவுகிறது. இங்கிலாந்தில் 1659இல் நெடாம் தன் பிரசுரத்துக்குத் தலைப்பே ‘இன்ட்ரெஸ்ட் பொய் சொல்லாது’ என்று வைத்தான். 1776இல் ஆடம் ஸ்மித் இதைக் கசாப்புக் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்: நம் சாப்பாட்டுக்கு நாம் நம்பியிருப்பது அவர்களுடைய தயாளத்தை அல்ல, அவர்கள் தங்கள் ஆதாயத்தின் மேல் வைத்திருக்கும் கண்ணை.

அதே பதினெட்டாம் நூற்றாண்டில்தான் இந்தச் சொல் மனசுக்குள்ளும் புகுந்தது. ஒரு சொத்தில் எனக்கு இன்ட்ரெஸ்ட் உண்டு என்றால் பாத்தியதை உண்டு என்று அர்த்தமாக இருந்தது போய், ஒரு கதையில், ஒரு முகத்தில், ஒரு பெண்ணின் கஷ்டத்தில் எனக்கு இன்ட்ரெஸ்ட் உண்டு என்று சொல்லும் பழக்கம் வந்தது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட ‘கீவேர்ட்ஸ்’ புத்தகத்தில் இந்த இடத்தில்தான் விரல் வைக்கிறார். மனிதன் தன் கவனத்தையும் ஈர்ப்பையும் குறிக்கப் பயன்படுத்தும் மிகப் பொதுவான சொல், சொத்தும் பணமும் சம்பந்தப்பட்ட வழக்கிலிருந்து வந்திருப்பது அவருக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை. எம்ப்சன் 1951இல் ‘சிக்கலான சொற்களின் அமைப்பு’ பற்றி எழுதிய புத்தகம் இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. சொல்லைப் பயன்படுத்துகிறவன் தனக்குத் தெரியாமலே அந்த வாக்கியத்தையும் சொல்லிவிடுகிறான்.

இன்ட்ரெஸ்டுக்குள் ஒளிந்திருக்கும் வாக்கியம் என்ன? எனக்கு எதில் ஆர்வமோ அதில் எனக்கு ஆதாயம் இருக்கக்கூடும் என்பதுதான். வெள்ளைக்காரன் ஒரு புத்தகத்தில் தனக்கு இன்ட்ரெஸ்ட் என்று சொல்லும்போது சொல்லின் அடியில் காசு கிலுகிலுக்கிறது. அவன் யோக்கியன் என்பதால் அல்ல. அவனுடைய மொழி அவனைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சப்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதான் மாத்யூ ஆர்னால்ட் 1864இல் விமர்சனத்தின் வேலை பற்றிய தன் கட்டுரையில் விமர்சகன் டிஸ்இன்ட்ரெஸ்டடாக இருக்க வேண்டும் என்றார். அவர் பயந்தது எதற்கு என்பது கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியும். அன்றைய இங்கிலாந்தில் ஒவ்வொரு பத்திரிகையும் ஒரு கட்சியின் அல்லது ஒரு மதப்பிரிவின் வாலாக இருந்தது. புத்தகம் நல்லதா என்பதற்கு முன்னால் அது நம் ஆளுடையதா என்ற கேள்வி வந்தது. அந்த வாலை அறுக்கச் சொன்னார்.

ஆனால் அதே கட்டுரையில் அவர் செய்வதைப் பாருங்கள். ஆங்கிலேய இனத்தைப் போல் உலகத்தில் உண்டா என்று ஆடர்லி என்பவர் வார்விக்ஷைர் விவசாயிகளிடமும், ரோபக் என்பவர் ஷெஃபீல்ட் கத்திப் பட்டறைக்காரர்களிடமும் பேசிய பேச்சுகளை எடுத்துக்கொள்கிறார். அவற்றுக்குப் பக்கத்தில் நாட்டிங்காமிலிருந்து வந்த ஒரு சின்னப் பத்திரிகைச் செய்தியை வைக்கிறார். ஏழைகள் விடுதியிலிருந்து கைக்குழந்தையோடு வெளியேறிய ராக் என்ற பெண். கழுத்து நெரிக்கப்பட்டுக் குன்றில் கிடந்த குழந்தை. ராக் காவலில் இருக்கிறாள். பெயரின் முற்பாதியைக்கூட வெட்டிவிட்டு வெறும் ராக் என்று எழுதிய பத்திரிகையின் தோரணை ஆர்னால்டைச் சுடுகிறது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக ஊர் ஊராக அலைந்த மனிதர் அவர். பற்றற்றவருக்கா இந்தக் கோபம் வரும்? தாமரை இலையில் தண்ணீர்தான் ஒட்டாது. இங்கே தீயே ஒட்டியிருக்கிறது.

ஆக, டிஸ்இன்ட்ரெஸ்டட் என்றால் வழக்கில் தனக்குப் பங்கு இல்லாதவன். வழக்கைப் பற்றிக் கவலையில்லாதவன் அன்இன்ட்ரெஸ்டட். வேடிக்கை என்னவென்றால், பதினேழாம் நூற்றாண்டில் இந்த இரண்டும் ஏறக்குறைய தலைகீழாக வழங்கின. பிறகு இடம் மாறின. இன்று மறுபடியும் ஒன்றுக்கு இன்னொன்றைப் போடுகிறார்கள், வாத்தியார்கள் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். ஆங்கிலேயனுக்கே வழுக்கும் இடம் இது. வழுக்கியதற்காக நம் பேராசிரியரை நான் குறை சொல்லவில்லை. வழுக்கி விழுந்த இடத்திலேயே பத்மாசனம் போட்டு உட்கார்ந்துகொண்டாரே, அதைத்தான் சொல்கிறேன்.

4

தமிழில் இந்தச் சொல் வந்தபோது நாம் பாகப்பிரிவினை செய்தோம். வட்டி பாங்குக்குப் போயிற்று. நலன் அரசியல்வாதிக்கு. ஆர்வம் மாணவனுக்கு, “ஆர்வத்துடன் பங்கேற்றனர்” என்று பள்ளி ஆண்டறிக்கை எழுதுகிறவருக்கு அது இல்லாமல் பேனா ஓடாது. அக்கறை தாய்மார்களுக்கு. சுவாரசியம் வாரப் பத்திரிகைக்கு. பாங்க் கவுன்ட்டரில் இந்தப் பிரிவினை பெரிய சௌகரியம். கிழவியை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் விமர்சனத்தில் இதே பிரிவினை ஏமாற்றுவதற்கான சௌகரியமாகிவிட்டது. ஒருவர் “இந்த நாவலில் எனக்கு ஆர்வம் உண்டு” என்று எழுதினால் அந்த ஆர்வத்துக்கு வட்டி எவ்வளவு என்று கேட்க நம் மொழி நம்மைத் தூண்டுவதில்லை.

விளைவு, ஒவ்வொரு கோஷ்டியும் பாகத்தில் வந்த ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அதுவே முழுச்சொத்து என்று பத்திரம் எழுதுகிறது. நமது இடதுசாரி விமர்சகர்களுக்கு நலன் மட்டும் தெரியும். எழுத்தாளனின் வர்க்க நலனை முதல் பாராவில் கண்டுபிடித்துவிட்டால் மிச்ச இருநூறு பக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை. நலன் என்பதிலிருந்து அக்கறையைக் கழித்துவிட்டார்கள். ஒரு நிலச்சுவான்தார் வீட்டுப் பிள்ளை கூலிக்காரியின் கையை உற்றுப் பார்த்து எழுதினால் அது இவர்கள் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது. எதிர்முகாமில் இருப்பவர்களுக்கு ரசனை மட்டும் தெரியும். கான்ட் 1790இல் அழகைப் பற்றிய தீர்ப்பு இன்ட்ரெஸ்ட் கலவாத இன்பத்தில் பிறப்பது என்று எழுதினார். அது நிரூபணத்துக்குக் காத்திருக்கும் ஒரு கஷ்டமான தத்துவ நிலை. நம்மவர்கள் அதை ஒரு சாய்வு நாற்காலியாக்கி மத்தியானத் தூக்கம் போடுகிறார்கள்.

சுவாரசியக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாவலிடம் முன்கூட்டி எதையாவது கேட்கலாம் என்றால் இன்ட்ரெஸ்டிங்காக இருக்கும்படி மட்டும் கேட்கலாம் என்பது ஹென்றி ஜேம்ஸ் 1884இல் எடுத்த நிலை. இதைச் சுவாரசியம் என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் நம் தொடர்கதைக்காரர்கள் ஜேம்ஸின் படத்துக்கு மாலை போடுவார்கள். அவரை ஒரு பக்கம் படித்தால் மாலையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

உடனே கலைச்சொல் பட்டாளம் கிளம்பிவிடும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் வார்த்துக் கொடுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் இவர்கள். சொல்லை வார்க்கலாம், அதன் வழக்கையும் வசையையும் நானூறு வருஷத்துக் கொடுக்கல் வாங்கலையும் எந்த அச்சில் வார்ப்பது? மேலும் நம்மிடம் இல்லாததை இவர்கள் வார்த்துக்கொண்டிருக்கும்போது இருப்பதன் மேல் தூசி படிகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயில் பணம் ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போகிறது. காசு ஒன்றுக்கு வருஷம் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வந்து சேர வேண்டும். அந்த வரவுக்குப் பெயர் பொலிசை. பலிசை என்று மலையாளத்தில் இன்றைக்கும் அதுதான் வட்டி. பொலி என்றால் பெருகுவது. களத்தில் குவியும் நெல். கிரேக்கத்தில் வட்டிக்கு டோகாஸ், அதாவது பிறந்த பிள்ளை என்று பெயர். பணம் பணத்தைப் பெறுவது இயற்கைக்கு மாறானது என்று அரிஸ்டாட்டில் முகம் சுளித்தது இந்தச் சொல்லை வைத்துத்தான். எங்கள் கிழவியின் குட்டி போடுகிற வட்டிக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் நடுவில் தூரம் அதிகம் இல்லை. பொலிசையும் டோகாஸும் பெருக்கத்தைப் பார்க்கின்றன. இன்ட்ரெஸ்ட் நஷ்டத்தைப் பார்த்துப் பிறந்தது. எனவே பொலிசையை உயிர்ப்பித்து இன்ட்ரெஸ்டுக்கு ஈடாக வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு மொழிக்கும் தன்னைக் காட்டிக்கொடுக்கும் சொல் ஒன்று இருக்கும். அது வேறு எங்கோ இருக்கும். நம்முடையது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

5

அதை நம் பேராசிரியரே எடுத்துக் கொடுத்தார். பற்று.

பற்று என்றால் ஆசை, பிடிப்பு. பற்றினால் தீ. தட்டான் பொன்னையும் பொன்னையும் ஒட்டவைப்பது பற்றாசு. தலைவலிக்குப் போடுவது பற்று. சாப்பிட்ட பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதும் பற்றுதான். பத்துப் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு அது தெரியும். சம்பளம் பற்றவில்லை என்றால் போதவில்லை. பட்ஜெட்டில் அது பற்றாக்குறை. இவ்வளவும் சேர்ந்த பிறகு கணக்குப் புத்தகத்துக்கு வாருங்கள். அங்கே இரண்டு பத்தி: பற்று, வரவு. மளிகைக் கடையில் என் பேரில் பற்று இருக்கிறது என்றால் நான் வாங்கித் தின்றாகிவிட்டது, இன்னும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஆசையும் கடனும் தமிழில் ஒரே சொல். எம்ப்சன் கணக்கில் இதற்குள் இருக்கும் வாக்கியம் இது: எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயோ அதற்கு நீ கடன்பட்டிருக்கிறாய்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நாவலைப் பற்றி எழுதுகிறேன், கவிதையைப் பற்றிப் பேசுகிறேன் என்கிறோம். பற்றி! தமிழில் ஒரு புத்தகத்தைப் பற்றாமல் அதைப் பற்றி எழுத இலக்கணமே இடம் கொடுக்கவில்லை. பற்றற்ற விமர்சனம் என்பது கைவைக்காமல் கைகுலுக்குவது.

அப்படியானால் நடுநிலை என்று ஒன்று கிடையவே கிடையாதா, யாரும் யாரையும் தூக்கிப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஆர்னால்ட் வரை போக வேண்டாம். குறளில் நடுவுநிலைமை பன்னிரண்டாம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. அங்கே துலாக்கோல் வருகிறது, வாணிகம் செய்கிறவன் வருகிறான், சன்னியாசி வருவதில்லை. பற்றை விடச் சொல்வது துறவு என்ற முப்பத்தைந்தாம் அதிகாரம். அது துறவறவியல். இரண்டுக்கும் நடுவில் இருபத்திரண்டு அதிகாரம் இருக்கிறது. நம் பேராசிரியர் ஒரே தாவலில் தாண்டிவிட்டார். நடுநிலை சம்சாரியின் தர்மம். பெண்டாட்டி பிள்ளை, கொடுக்கல் வாங்கல், சிநேகிதம், பகை எல்லாம் உள்ளவன் தராசைப் பிடிக்கும்போது செய்ய வேண்டியது அது. பற்று இல்லாதவனுக்குத் தராசே தேவையில்லை.

தராசு பிடிக்கிற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 1949ஆம் வருஷத்து பாங்கிங் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒரு பாங்க் தன் டைரக்டருக்கோ அவருக்குச் சம்பந்தமுள்ள நிறுவனத்துக்கோ கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. 2013ஆம் வருஷத்து கம்பெனிச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஒரு ஒப்பந்தத்தில் டைரக்டருக்குச் சம்பந்தம் இருந்தால் அதைப் போர்டுக்குச் சொல்லவேண்டும் என்கிறது. சட்டம் டைரக்டரைப் பற்றற்றவராக ஆகச் சொல்லவில்லை. அந்த அசட்டுத்தனம் அதற்கு இல்லை. உனக்கு இதில் என்ன இன்ட்ரெஸ்ட் என்பதை வாயைத் திறந்து சொல், சொல்லிவிட்டு ஒதுங்கி நில் என்கிறது. லாபத்துக்காக நடக்கும் ஒரு கம்பெனியில் இருக்கும் இந்தக் குறைந்தபட்ச ஒழுங்கு, கலைக்காக உயிரை விடுவதாகச் சொல்லும் நம் பத்திரிகைகளில் இல்லை.

ஒதுங்கி நிற்பது நமக்கு முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிறுபத்திரிகை உலகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நண்பர்களும் எதிரிகளும் ஒதுங்கிவிட்டால் மதிப்புரை எழுத ஆளே மிஞ்சமாட்டார்கள். அப்படியானால் முதல் பாதியையாவது செய்யலாம். மதிப்புரையின் தலையில் ஒரு வரி: இவர் என் நண்பர், இவர் என் பதிப்பாளர், இவரோடு எனக்கு மனஸ்தாபம் உண்டு. வாசகன் அதைக் கழித்துக்கொண்டு படிப்பான். நகையை நிறுக்கும்போது கல்லையும் அரக்கையும் கழிப்பதில்லையா, அதுபோல. கழித்த பிறகும் பொன் மிஞ்சினால் அது விமர்சனம். டிஸ்இன்ட்ரெஸ்டட் என்பதற்குத் தமிழ் வேண்டுமென்றால் ‘ஆதாயம் கருதாத’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். பற்றற்ற என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லில் காவி வாசனை அடிக்கிறது. காவிக்குப் பின்னால் எதையும் ஒளித்துவைக்கலாம்.

6

இனி என் கணக்கு.

என் தங்கை கல்யாணத்துக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினேன். ஜாமீன் கையெழுத்து போட ஆள் கிடைக்காமல் அலைந்தபோது ஒரு நண்பர் கேட்ட மாத்திரத்தில் போட்டார். அவர் கவிஞர். நில அளவைத் துறையில் வேலை. மறுவருஷம் அவருடைய முதல் தொகுதி வெளிவந்தது. நான் மதிப்புரை எழுதினேன். ‘மொழிச் சிக்கனம்’, ‘அகத்தின் நிசப்தம்’ என்றெல்லாம் அதில் இருக்கும். நடுநிலையோடு எழுதியிருப்பதாகப் பலர் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தொகுதியைப் பற்றி அன்றே நான் நினைத்தது இது. நாற்பத்திரண்டு கவிதைகளில் மௌனம் என்ற சொல் இல்லாத பக்கம் குறைவு. சொல்லுவதற்குக் கஷ்டமான இடம் வரும்போதெல்லாம் அவர் மௌனத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அது சிக்கனம் அல்ல, கஞ்சத்தனம். ஆனால் மூன்று கவிதைகளில் சங்கிலி வருகிறது, வரப்பு வருகிறது, அண்ணன் தம்பி இருவரும் எல்லைக்கல்லின் இரண்டு பக்கமும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது வருகிறது. அவற்றில் மௌனம் என்ற சொல் இல்லை, மௌனம் இருக்கிறது. இருபது வருஷம் நிலத்தை அளந்த ஒருவர் மட்டுமே எழுதக்கூடிய கவிதைகள் அவை. அந்த மூன்றைத் தனியே எடுத்துக் காட்டி மற்றவற்றைக் கிழித்துப் போடச் சொல்லியிருந்தால் அவருடைய இரண்டாவது தொகுதி வேறு மாதிரி வந்திருக்கலாம். சென்ற வருஷம் அது வந்தது. அறுபது கவிதைகள். சங்கிலியும் இல்லை, வரப்பும் இல்லை. அறுபதிலும் மௌனம்.

அவர் எனக்குக் கையெழுத்து போட்டார். அதற்கு ஈடாக நான் என் கையெழுத்தைக் கொடுத்தேன். கொடுத்தது கள்ளக் கையெழுத்து. நஷ்டம் அவருக்கு. சங்கத்துக் கடனைத் தவணை தவறாமல் அடைத்துவிட்டேன். இந்தக் கடன் நிற்கிறது.

இதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “அந்த மூணு எதெதுன்னு குறிச்சுக் குடுங்க” என்றார். குறித்துக் கொடுத்தேன். சொன்ன தேதிக்குத் திரும்பாத கடனுக்குத்தான் ஆதியில் இன்ட்ரெஸ்ட் என்று பெயர். நான் மூன்று வருஷம் தாமதம்.